யானை ஆற்றைக் கடக்கவில்லை

சந்திரவதனாவைப் பற்றி ஆரும் கேட்டால் நான் ஆறுதலா இருந்துதான் சொல்லுவன். அவசரத்தில சொல்லுற கதையில்லை அது. ரெய்னர்ஸ் லேனில கன சனம் அவவை "உந்த மிருகங்களின்ர ஒஃபிசில வேலை செய்யிற பிள்ளை" எண்டுதான் சொல்லுதுகள். மிருக வைத்தியர் எண்டு நினைச்சு ஒருத்தர் தன்ர பூனையைத் தூக்கிக்கொண்டு எங்கட வாசலில வந்து நிண்டவர். நான் பேசி அனுப்பி விட்டனான். விளங்காட்டி கேட்கிறதுதானே, ஏன் பூனையோட வாறது?

என்ர பேர் இம்மாகுலேற். ஊர் மன்னார். பார்க் றோயலில இருக்கிற ஒரு சான்ட்விச் பக்டரியில எண்பத்துநாலில சேந்தனான். அடுத்த வருசம் சந்திரா வந்து என்ர பக்கத்தில நிண்டா. யாழ்ப்பாணத்தில நில அளவைக் கந்தோரில படம் கீறின பிள்ளை. ஒன்பது வருச சேவை. காணி எல்லை, றோட்டு, குளம் எல்லாம் அவவின்ர கையால மையில கீறுப்பட்டது. அப்பிடிப்பட்ட கை இஞ்ச வந்து பாணுக்கு நடுவில வெள்ளரிக்காய் வைச்சுது. அதையும் அளந்து வைக்கிற மாதிரித்தான் வைப்பா. மற்றவை நாலு முடிக்க அவ மூண்டு முடிப்பா. சுப்பவைசர் வந்து கத்துவான். நான் அவனுக்குத் தமிழில நல்லாக் குடுப்பன். அவனுக்கு விளங்காது, எனக்கு வயிறு குளிரும்.

அவவும் மனுசன் இராஜேந்திரனும் மேல் வீட்டில, நானும் என்ர மனுசனும் கீழ் வீட்டில. ஒரு குசினி, ஒரு தோட்டம். ஆறு வருசம் அவ அந்தப் பக்டரியில நிண்டா. தொண்ணூற்றோராம் ஆண்டு மாசி மாதம் பேப்பரில ஒரு விளம்பரம் பாத்து எழுதிப் போட்டு வேலை எடுத்தா. யூஸ்டன் ஸ்குவயர் ஸ்டேசனுக்குக் கிட்ட, காட்டு மிருகங்களை ஆராயிற ஒரு சின்ன நிலையம். வேலை என்னெண்டால் கொம்பியூட்டருக்கு இலக்கம் அடிக்கிறது. கிளாக் வேலைதான். ஆனால் மேசை, கதிரை, யன்னல், கையில பென்சில். ஆறு மாசம் பாத்துப்போட்டுத்தான் நிரந்தரமாக்குவினம் எண்டு கடிதத்தில இருந்தது. அண்டைக்கு அவ சிரிச்ச சிரிப்பை நான் அதுக்கு முந்திக் கண்டதில்லை.

அந்த வேலையை எனக்கு விளங்கப்படுத்தினதும் அவதான். ஆபிரிக்காவின்ர கிழக்குக் கரைப் பக்கம், கடலுக்குக் கிட்ட ஒரு தாழ்ந்த காடு. அங்க எட்டு யானைக்குக் கழுத்துப்பட்டை போட்டிருக்கினம். பட்டையில ஒரு சின்னப் பெட்டி. அது ஒரு நிமிசத்துக்கு ஒருக்கா கீச்சிடும், ஆனால் எங்கட காதுக்குக் கேக்காது. வானத்தில பூமியைச் சுத்திற செய்மதிக்குத்தான் கேக்கும். பிளாட்போமில நிக்கேக்க ட்ரெயின் கிட்ட வரேக்க சத்தம் ஒரு மாதிரி, தாண்டிப் போகேக்க இன்னொரு மாதிரிக் கேக்குமல்லோ, அது மாதிரி செய்மதிக்கும் கேக்கும். அந்த வித்தியாசத்தை வைச்சு யானை நிக்கிற இடத்தைக் கணக்குப் பாப்பினம். பாத்த கணக்கைச் செய்மதிக் கம்பனி ரெண்டு கிழமைக்கு ஒருக்கா பேப்பர்க் கட்டா அனுப்பும். சந்திரா அதை அடிக்கோணும்.

அவவுக்கு மேல இருந்தவர் டொக்டர் வின்ஸ்லோ. நெட்டை ஆள், நல்ல படிப்பாளி, கதை குறைவு. அவர் ஒரு முறை வைச்சிருந்தவர். நம்பேலாத தூரத்தில விழுற புள்ளிகளைக் கொம்பியூட்டரே கழிச்சுப்போடும். அஞ்சு நிமிசத்தில யானை ரெண்டு மைல் போச்செண்டு வந்தால் அது பொய்தானே, அதை அழி. அவவுக்கு முந்தி இருந்த ஆக்கள் கழிபட்டதைத் திரும்பியும் பாக்கேல்லை. இவவால அது ஏலாது. நில அளவைக் கந்தோரில, அளக்கிற இடத்திலயே இலக்கம் எழுதிற வெளிக்களப் புத்தகம் எண்டு ஒண்டு இருக்காம். அதில றப்பர் பட்டால் வேலை போச்சாம். பிழையான இலக்கத்துக்கு மேல ஒரு கோடு மட்டும் கீறோணும், கீழ இருக்கிறது வாசிக்கக்கூடியதா இருக்கோணும், சரியானதைப் பக்கத்தில எழுதிக் கையெழுத்து வைக்கோணும். அந்தப் பழக்கத்தில இவ கழிபட்ட புள்ளி எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதிக்கொண்டு வந்தா. எத்தினை மணிக்கு, எந்தச் செய்மதி, அது யானைக்குக் கிழக்கால போச்சா மேற்கால போச்சா எண்டதும் சேத்து. ஆரும் கேக்கேல்லை. "கண்டறியாத வேலை, சம்பளமும் இல்லை" எண்டு நான் சொன்னன். அவ பென்சிலைத் தீட்டிப்போட்டுத் திரும்ப எழுதினா.

வைகாசியில இடி விழுந்துது. காட்டுக்குள்ள யானைகளுக்குப் பின்னால நடந்து திரியிற ஒரு மனுசன் கடிதம் எழுதியிருந்தார். உங்கட படத்தில யானைகள் நாளுக்கு ரெண்டு தரம் ஆத்தைக் கடந்து போய்த் திரும்பி வருதுகள். ஆறு வெள்ளம் போட்டு ரெண்டு மாசம். நான் ஒவ்வொரு நாளும் காலடி பாக்கிறன், ஒரு யானையும் கடக்கேல்லை, நீங்கள் லண்டனில இருந்து என்ன கீறுறியள் எண்டு கேட்டிருந்தாராம்.

டொக்டர் வின்ஸ்லோ கடிதத்தைச் சந்திராவின்ர மேசையில வைச்சார். முறை புதுசில்லை, கொம்பியூட்டர் புதுசில்லை, அடிக்கிற ஆள்தான் புதுசு எண்டார். ஆடி முடிய ஆறு மாசம் நிறையுது, அதுக்குள்ள பிழை எங்க எண்டு தெரியாட்டி வேலையில வைச்சிருக்க ஏலாது, நற்சான்றும் தர ஏலாது எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார்.

வீட்ட வந்து சொன்னா. எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சமில்லை. போய் நல்லாக் கேளடி எண்டன். இவ தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு, "இம்மாக்கா, முதல் என்ர கையில பிழையிருக்கோ எண்டு பாக்கோணும். இல்லையெண்டால் பேந்து கதைக்கலாம்" எண்டா. மூண்டு கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் இருந்து, தான் அடிச்ச ஆயிரத்தி அறுநூற்றிச் சொச்ச வரியையும் கம்பனிப் பேப்பரோட ஒப்பிட்டுப் பாத்தா. ரெண்டே ரெண்டு இலக்கம் பிழை. ஒரு ஏழு ஒண்டா விழுந்திருந்தது, ஒரு இடத்தில ரெண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. அதைக் கொண்டுபோய் அந்தாளிட்டக் காட்டியுமிருக்கிறா. அந்தாள் பாத்திட்டு, அப்ப பிழை இருக்குத்தானே எண்டிருக்கிறார். விசரி, ஏன் காட்டினனி எண்டு நான் கத்தினன். இருந்தது இருந்ததுதானே அக்கா எண்டு அவ சொன்னா. உப்பிடி ஒரு பெட்டையோட குடித்தனம் நடத்திறது லேசில்லை.

பிறகுதான் அவ அந்தக் கொப்பியைத் திறந்தவ. ஆத்தைப் படத்தில கீறி, கழிபட்டது, கழிபடாதது எல்லாத்தையும் வைச்சா. செய்மதி கிழக்கால போன நேரத்துப் புள்ளிகளுக்குச் சிவப்புப் பென்சில். மேற்கால போன நேரத்துப் புள்ளிகளுக்கு நீலம். எங்கட குசினி மேசையில வைச்சுத்தான் கீறினவ, நான் கறிச்சட்டியைக் கையில பிடிச்சுக்கொண்டு நிண்டனான். சிவப்பெல்லாம் ஆத்துக்கு மேற்குக் கரையில. நீலமெல்லாம் கிழக்குக் கரையில. கலப்பே இல்லை. அந்தக் கழிபட்டதுகள் இல்லாட்டி இது தெரிஞ்சிருக்காது. கொம்பியூட்டர் அரைவாசியை அழிச்சு, மிச்சத்தை யானை நடந்த பாதையா ஆக்கிக் காட்டியிருக்குது. யானை கடக்கேல்லை, செய்மதி எந்தப் பக்கத்தால போகுதோ அதுக்கு எதிர்ப் பக்கம் புள்ளி தள்ளுப்படுது எண்டா சந்திரா. ஏன் தள்ளுப்படுது எண்டு அவவுக்கும் அப்ப தெரியாது.

டொக்டர் வின்ஸ்லோவுக்கு நம்பிக்கை வரேல்லை. யானைகளுக்கு ஏதும் பழக்கம் இருக்கலாம், தற்செயலாயும் இருக்கலாம் எண்டார். அதுக்கு இவ, எங்கட கந்தோரில கருவியில சந்தேகம் வந்தால் தெரிஞ்ச இடத்தில கொண்டுபோய் வைச்சுப் பாப்பம், யானை எங்க நிக்குது எண்டு எங்களுக்குத் தெரியாது, ஆனால் நான் எங்க இருக்கிறன் எண்டு தெரியும் எண்டிருக்கிறா. அலுமாரியில மிச்சக் கழுத்துப்பட்டை ரெண்டு கிடந்தது. யானைகளின்ர பட்டையோட செய்மதிக் கம்பனியில ஒண்டாப் பதிஞ்சதுகள். அதில ஒண்டைத் தாங்கோ, என்ர வீட்டுத் தோட்டத்தில வைக்கிறன் எண்டு கேட்டா. என்ன நினைச்சாரோ, குடுத்துவிட்டார்.

இப்ப என்ர பாவத்தைச் சொல்லோணும். ஆனி பத்தாந் தேதி இராஜேந்திரன் தோட்டத்து நடுவில ஒரு மரக்கட்டை நட்டார். அதில பட்டையைக் கட்டி, மேல ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிட்டு விட்டினம். ஒருதரும் தொடக்கூடாது எண்டு சந்திரா ஓடர். ரெண்டாம் நாள் மழை எண்டால் அப்பிடி மழை. வாளி ஒரு பக்கம் சரிஞ்சு நிண்டது. எனக்கு மனம் கேக்கேல்லை. விலை கூடின சாமான், நனைஞ்சு பழுதாப்போனால் அந்தாள் அதுக்கும் இவவைத்தானே பிடிப்பான். பக்டரியில நாள் முழுக்க என்ன செய்யிறன் நான், மிஞ்சினதை வெள்ளித்தாளில சுத்திறன். ஓடிப்போய் வாளியைத் தூக்கி, பட்டையை மூண்டு மடிப்பு வெள்ளித்தாளில காத்துப் போகாமல் வடிவாச் சுத்தி, வாளியைத் திருப்பிக் கவிட்டுப்போட்டு வந்தன். நல்ல வேலை செய்தன் எண்டு நினைச்சு ஒருதருக்கும் சொல்லவுமில்லை.

ஆனிக் கடைசியில பேப்பர்க் கட்டு வந்தது. எங்கட பட்டைக்கு முதல் நாள் நாலு புள்ளி. அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை, வெறுமை. நாலு புள்ளியை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது, சோதனை முடிஞ்சுது எண்டார் டொக்டர் வின்ஸ்லோ. சந்திரா வீட்ட வந்து சப்பாத்தும் கழட்டாமல் தோட்டத்துக்குப் போய் வாளியைத் தூக்கினா. நான் குசினி யன்னலால பாத்துக்கொண்டு நிக்கிறன். வெள்ளித்தாள் மினுங்குது. அதுக்குள்ளால சத்தம் வெளிய போகாது எண்டு எனக்கு ஆர் சொன்னது? அவ ஒவ்வொரு மடிப்பா உரிச்சு எடுத்தா. பேசியிருந்தால் நான் திருப்பிப் பேசியிருப்பன், மனம் ஆறியிருக்கும்.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போகேல்லை. அந்த வெள்ளித்தாளைக் கைப்பையில வைச்சுக்கொண்டு மெற்றோபொலிட்டன் லைன் எடுத்து யூஸ்டன் ஸ்குவயரில இறங்கினன். டொக்டர் வின்ஸ்லோ ஆர் எண்டு கேட்டு நேர உள்ள போய் மேசையில தாளை வைச்சன். என்ர இங்கிலீசு சான்ட்விச் இங்கிலீசு. இது நான் சுத்தினது, இது என்ர பிழை, அவவின்ர பிழையில்லை, இன்னும் ரெண்டு கிழமை குடுங்கோ எண்டு எனக்குத் தெரிஞ்ச சொல்லால சொன்னன். அங்கால மேசையில சந்திரா தலையில கையை வைச்சுக்கொண்டு இருக்கிறா. அந்தாள் தாளைப் பாத்தார், என்னைப் பாத்தார். நனைஞ்சு போகுமெண்டு பயந்தனியளோ எண்டு கேட்டார். ஓம் எண்டன். யானை இதைக் கழுத்தில போட்டுக்கொண்டு சேத்துக்குள்ள உருளும் எண்டார். பிறகு முதல் தரமாச் சிரிச்சார். ரெண்டு கிழமை கிடைச்சுது.

அந்த ரெண்டு கிழமையும் நான் தோட்டத்துப் பக்கம் போகேல்லை. உடுப்புக் கூட வீட்டுக்குள்ளதான் காயப்போட்டன். ஆடி நடுவில கட்டு வந்த அண்டைக்குச் சந்திரா அதைப் பிரிக்காமல் வைச்சு, முதல் டொக்டர் வின்ஸ்லோவைக் கூப்பிட்டா. நான் அடிச்சு மாத்திப்போட்டன் எண்டு பேந்து சொல்லக்கூடாது, நீங்களே வாசியுங்கோ, நான் புள்ளி வைக்கிறன் எண்டு சொன்னாவாம். அவர் வாசிக்க வாசிக்க, லண்டன் தெருப் படத்துக்கு மேல மெல்லிய தாளை விரிச்சு இவ புள்ளி வைச்சா. அறுபத்திமூண்டு புள்ளி. செய்மதி கிழக்கால போன நேரமெல்லாம் எங்கட பட்டை ஈஸ்ட்கோட்டில. மேற்கால போன நேரமெல்லாம் ஹரோ மலையடியில. எங்கட வீட்டுக்கு மேல ஒண்டுகூட இல்லை. நாங்கள் ஒரு அடி அசையேல்லை, மரக்கட்டையும் அசையேல்லை, கணக்கில மட்டும் எங்கட தோட்டம் ஒரு நாளைக்கு நாலு தரம் ரெண்டு மைலுக்கு மேல அங்கயும் இஞ்சயும் ஓடித்திரிஞ்சிருக்குது.

டொக்டர் வின்ஸ்லோ தானே அடிமட்டம் எடுத்து அளந்து பாத்தாராம். எல்லாப் பட்டையும் ஒரே மாதிரித் தள்ளுப்படுதெண்டால் எல்லாத்துக்கும் பொதுவாக் குடுத்த ஏதோ ஒரு இலக்கம்தான் பிழை எண்டு, அப்பதான் சந்திரா, பட்டைகளைப் பதியேக்க கம்பனிக்கு அனுப்பின விண்ணப்பத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டவ. பைலிலயிருந்து எடுத்தினம். மிருகம் கடல் மட்டத்துக்கு மேல எவ்வளவு உயரத்தில நிக்குது எண்டு அதில ஒரு கட்டம். அதில ஆயிரத்தி எண்ணூறு மீற்றர் எண்டு எழுதியிருந்தது. கடற்கரைக் காட்டு யானைக்கு. அதுக்கு முந்தி அந்த நிலையம் மலையில திரியிற மான்களுக்குப் பட்டை போட்டிருந்ததாம். அந்தப் பழைய விண்ணப்பத்தைப் பாத்து அப்பிடியே இறக்கி எழுதியிருக்கு. நிலத்தில நிக்கிற யானையை மலை உச்சியில நிக்குது எண்டு சொன்னால், செய்மதிக் கணக்கு அதைப் பக்கவாட்டில தூரத் தள்ளித்தானே வைக்கும். கீழ கையெழுத்து டொக்டர் வின்ஸ்லோவின்ரது.

கம்பனிக்குச் சரியான உயரத்தைக் குடுத்துத் திரும்பக் கணக்குப் பாக்கச் சொல்லிச்சினம். சிவப்பும் நீலமும் ஒண்டாக் கலந்து வந்தது. எட்டு யானையும் ஆத்துக்கு மேற்குக் கரையில, ஒண்டும் கடக்கேல்லை. காட்டில நடந்த மனுசன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அப்பிடியிருந்தும் சந்திரா சும்மா விடேல்லை. இது இன்னும் அரை மைல் அங்க இஞ்ச பிசகலாம், எந்தப் புள்ளியை எவ்வளவுக்கு நம்பலாம் எண்டு ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில எழுதோணும் எண்டு நிண்டா. எழுதிச்சினம்.

ஆடி முடிஞ்சுது, வேலை நிரந்தரம் எண்டு கடிதம் வந்தது. நான் பாற்சோறு பொங்கினன். ஆனால் கதை அதோட முடியேல்லை. ஆவணியில டொக்டர் வின்ஸ்லோ அறிக்கை எழுதி, இலக்கங்களைச் சரிபாக்கச் சொல்லி இவவிட்டக் குடுத்தார். அதில ஒரு வரி: உயரத்தைப் பதிந்ததில் அலுவலகக் கிளாக் ஒருவரால் தவறு நேர்ந்திருந்தது, அது பின்னர் திருத்தப்பட்டது. அவ்வளவுதான். ஆரெண்டும் இல்லை, எவரெண்டும் இல்லை. அந்த ஒஃபிசில இருந்த ஒரேயொரு கிளாக் சந்திரா. உலகத்தில யானை பாக்கிற ஆக்கள் எல்லாருக்கும் போற அறிக்கை.

கந்தோரில சத்தம் போட்டு அறியாத பிள்ளை. அண்டைக்கும் சத்தம் போடேல்லை. அவரின்ர அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னாவாம்: "இலக்கம் எல்லாம் சரி. ஒரு சொல் பிழை. அந்த விண்ணப்பம் எழுதேக்க நான் சான்ட்விச் பக்டரியில நிண்டனான். என்ர பேர் இதில வரத் தேவையில்லை. ஆனால் பிழை விட்ட ஆளின்ர பேரைப் போடுங்கோ. இல்லாட்டி நான் இதில கையெழுத்து வைக்கமாட்டன்."

சரிபாத்த ஆளின்ர கையெழுத்து இல்லாமல் அறிக்கை போகாது. அது அந்த நிலையத்து விதி. நிரந்தரமாகி மூண்டு கிழமை. அவர் நினைச்சிருந்தால் வேற ஆரையும் பிடிச்சுக் கையெழுத்து வைப்பிச்சிருக்கலாம். இதெல்லாம் அவ வீட்ட வந்துதான் எனக்குச் சொன்னவ. திரும்பப் பாணுக்குள்ள வெள்ளரிக்காய் வைக்க வேண்டி வந்தாலும் வரும் அக்கா எண்டா. வந்தால் வரட்டும், எனக்குப் பக்கத்தில இடம் இருக்கு எண்டன். சொன்னனே தவிர அண்டைக்கு நான் செபமாலை ரெண்டு சொன்னனான்.

நாலு நாள் கழிச்சு டொக்டர் வின்ஸ்லோ அறிக்கையைத் திருப்பி இவவின்ர மேசையில வைச்சார். இவ வாசிச்சா, கையெழுத்து வைச்சா. என்ன மாத்தினவர் எண்டு நான் எத்தினை தரம் கேட்டும், அச்சில வரட்டும் அக்கா எண்டு சொல்லிப்போட்டா. ஆய்க்கினை.

இது நடந்து ஏழு வருசம். இப்ப அந்த நிலையத்தில ஒரு மிருகத்துக்கும் பட்டை நேர போறதில்லை. முதல் ஒரு மாசம் எங்கட தோட்டத்து மரக்கட்டையில இருக்கோணும். ஓநாய்ப் பட்டை, ஒட்டகப் பட்டை எல்லாம் ரெய்னர்ஸ் லேன் மழையில நனைஞ்சுதான் போனது. விண்ணப்பத்தில உயரத்தை எழுதிறது சந்திரா, அதைச் சரிபாக்கிறது இன்னொராள். வேற நாடுகளிலயிருந்து கடிதம் எழுதிக் கேக்கினம், நீங்கள் எப்பிடிச் சோதிக்கிறனியள் எண்டு. டொக்டர் எண்டு போட்டு அவவுக்குக் கடிதம் வருது. நான் திருத்திறதில்லை, கிடக்கட்டும்.

ஆனால் எனக்குப் பெரிசு அந்தத் தொண்ணூற்றோராம் ஆண்டுக் கார்த்திகை மாதம்தான். சனிக்கிழமை காலமை தபாலில அறிக்கை வந்தது. நான் அடுப்படியில நிக்கிறன். சந்திரா கவரைக் கிழிச்சு, ஒரு பக்கத்தைத் திறந்து, விரலை வைச்சு என்னட்ட நீட்டினா.

"இம்மாக்கா, இதை ஒருக்காப் பலத்து வாசியுங்கோ."

நான் கையைத் துடைச்சுப்போட்டு, என்ர சான்ட்விச் இங்கிலீசில எழுத்துக் கூட்டி வாசிச்சன். உயரத்தைத் தவறாகப் பதிந்தவன் நான். அந்தத் தவறைக் கண்டுபிடித்தவர் திருமதி சந்திரவதனா இராஜேந்திரன். அவருடைய பதிவுகளில் தவறு இருக்கவில்லை, அவர் தாமாகவே அறிவித்த இரண்டு இலக்கங்களைத் தவிர.

"இன்னொருக்கா" எண்டா.

வாசிச்சன். மேல இருந்து இராஜேந்திரன் இறங்கி வந்து படியில நிண்டார். சந்திரா கதிரையில இருந்து ரெண்டு கையையும் மேசையில விரிச்சு வைச்சு, அந்தக் கையையே பாத்துக்கொண்டு இருந்தா. இன்னொருக்கா எண்டு அவ கேக்கேல்லை. நானாத்தான் மூண்டாந் தரம் வாசிச்சன், தெருவுக்குக் கேக்கிற மாதிரி.